விண்டோஸும் உபுண்டுவும் ஒரே லேப்டாப்பில்: திரையில் என்ன தெரிகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ (இரண்டும் லினக்ஸ் வகை சிஸ்டங்கள்) பக்கத்தில் போட்டு வைத்துக்கொள்ளலாமே என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். போடுவது பெரிய வேலை இல்லை. பென் டிரைவிலிருந்து பூட் செய்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும். தலைவலி அதற்கப்புறம்தான். ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் மெனுவைக் காணோம், அல்லது கறுப்புத் திரையில் புரியாத ஒரு வரி, அல்லது விண்டோஸ் கடிகாரம் நடுராத்திரியைக் காட்டுகிறது.

முதலில் ஒன்று. பூட் ஆகவில்லை என்பது வேறு, டேட்டா போய்விட்டது என்பது வேறு. டிஸ்க் பூட்டின் சாவி தொலைந்துபோன ஒரு கேஸைத் தவிர, கீழே வரும் கோளாறுகளில் எதற்கும் பார்மட் தேவையில்லை. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் "பார்மட் அடிச்சுப் புதுசா போட்டுத் தரேன்" என்பார்கள், அது அவர்களுக்குச் சுலபம், உங்கள் போட்டோக்களுக்கு இல்லை. பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் ஒன்றுதான்: இரண்டு சிஸ்டமும் இந்த மெஷின் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு நடக்கின்றன. ஒன்று டிஸ்க்கைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டுத் தூங்கப் போகிறது, மற்றது கடிகாரத்தைத் தன் கணக்குக்குத் திருப்பி வைக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருந்தால் தண்ணீர்க் குழாய்க்கு வரும் சண்டை மாதிரிதான் இதுவும், வீட்டை இடித்துக் கட்டத் தேவையில்லை.

கையில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, லினக்ஸ் மின்ட் லைவ் பென் டிரைவ், அதாவது இன்ஸ்டால் செய்யாமலேயே மின்ட்டை நேராக ஓட்டும் பென் டிரைவ். நீங்கள் போட்டிருப்பது உபுண்டுவாகவே இருந்தாலும் மின்ட்டைச் சொல்கிறேன், ஏனென்றால் பூட் கோளாறைச் சரி செய்யும் பூட் ரிப்பேர் என்ற கருவி அதன் லைவ் சிஸ்டத்திலேயே இருக்கிறது. இரண்டு, உங்கள் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு) மீட்புச் சாவி. அது என்ன என்று தெரியாதவர்கள் கீழே "நீலத் திரையில் 48 இலக்கச் சாவி" என்ற பகுதியை முதலில் படித்துவிட்டு வாருங்கள். டெர்மினல் கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

இன்ஸ்டாலர் டிஸ்க்கையே காட்டவில்லை

லைவ் பென் டிரைவில் பூட் ஆகிவிட்டது, இன்ஸ்டால் செய்யப் போனால் டிஸ்க் எதுவுமே பட்டியலில் இல்லை, அல்லது "ஆர்எஸ்டியை அணைத்துவிட்டு வா" என்று உபுண்டு சொல்கிறது. இன்டெல் சிப் உள்ள மெஷின்களில் டிஸ்க் கன்ட்ரோலர் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி நிலையில் இருப்பதுதான் காரணம். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் மெஷினின் செட்டிங் திரையில்) போய் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் டிஸ்க் தெரியும்.

ஆனால் நேராகப் போய் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் விண்டோஸ் "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை காட்டும். அப்படி வந்தால் பதற வேண்டாம், பயாஸில் பழையபடி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும். முறையான வழி இது: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் டேபில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் வருவதற்குள் பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ என்று மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் வரும், வரும்போதே புது கன்ட்ரோலருக்கு வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். பிட்லாக்கர் ஆனில் இருந்தால் நடுவே சாவி கேட்கும், அதனால்தான் முதலிலேயே எடுத்து வைக்கச் சொன்னேன்.

சில ஏசர் மெஷின்களில் இந்த விஎம்டி வரியே பயாஸில் கண்ணில் படாது. மெயின் டேபில் நின்றுகொண்டு கன்ட்ரோல் + எஸ் அமுக்கினால் எட்டிப் பார்க்கும். யாரும் சொல்லாமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்காதீர்கள்.

ஆன் செய்தால் நேராக விண்டோஸ், உபுண்டு போன சுவடே இல்லை

உபுண்டு போகவில்லை. பூட் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ இது நடக்கும்.

உறுதி செய்ய, மெஷினை ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், அப்புறம் எஃப்9. ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் அந்த மெனுவை பயாஸுக்குள் போய் முதலில் எனேபிள் செய்திருக்க வேண்டும். கீயைச் சரியான நொடியில் தட்ட முடியவில்லையா, விண்டோஸுக்குள்ளிருந்தே போகலாம்: ஷிஃப்டை அமுக்கிப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள், வரும் நீல மெனுவில் "யூஸ் எ டிவைஸ்" என்பதற்குள் உபுண்டு இருக்கும்.

அந்தப் பட்டியலில் உபுண்டு என்ற பெயர் தெரிந்தால் வேலை சுலபம், பயாஸில் பூட் டேபில் அதை மேலே தள்ளிவிட்டு சேவ் செய்யுங்கள். பெயரே இல்லை என்றால் லைவ் பென் டிரைவைப் போட்டு பூட் ரிப்பேரை ஓட்டுங்கள், அது பரிந்துரைக்கும் பழுதுபார்ப்பே பெரும்பாலும் போதும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: பென் டிரைவையும் யூஇஎஃப்ஐ என்ற புது வகை பூட் முறையில்தான் பூட் செய்ய வேண்டும். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதை எடுங்கள். பழைய லெகசி முறையில் பூட் செய்து பழுது பார்த்தால் கிரப் (எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் மெனுவைக் காட்டும் லினக்ஸ் நிரல்) தப்பான இடத்தில் போய் உட்காரும், நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

மறுபடியும் ஏசர்: உபுண்டுவை மேலே தள்ளினாலும் கேட்காத மெஷின்கள் உண்டு. பயாஸில் செக்யூரிட்டி டேபில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் "யூஇஎஃப்ஐ கோப்பை நம்பகமானதாகத் தேர்ந்தெடு" என்ற வரி உயிர் பெறும். அதில் உபுண்டு ஃபோல்டருக்குள் இருக்கும், உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் ஷிம் கோப்பைக் காட்டி ஒரு பெயர் கொடுத்தால், அந்தப் பெயர் பூட் வரிசையில் வந்து உட்காரும். அந்த பாஸ்வேர்டை மறந்தால் வேறு கதையாகிவிடும், எங்காவது எழுதி வையுங்கள்.

உபுண்டு வருகிறது, மெனுவில் விண்டோஸ் இல்லை

இதுவும் அழிந்துபோன கேஸ் இல்லை. மற்ற சிஸ்டங்களைத் தேடிப் பிடித்து மெனுவில் சேர்க்கும் ஓஎஸ்-ப்ரோபர் என்ற கருவியை 2021-இல் வந்த கிரப் 2.06 பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டது. அதற்கு முன்னால் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்த விஷயமே இருக்காது, அதைப் பார்த்து அப்டேட்-கிரப்பை மட்டும் பத்துத் தடவை ஓட்டினாலும் விண்டோஸ் வராது.

இடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்று ஒரு கோப்பு இருக்கும். அதை அட்மின் உரிமையோடு திறந்தால் கீழ்ப்பக்கம் "கிரப் டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்" என்ற வரி ஃபால்ஸ் என்று முடியும். எல்லாம் பெரிய எழுத்தில், நடுவே அடிக்கோடு போட்டிருக்கும். அதன் முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை மட்டும் அழியுங்கள். பழைய பதிப்பிலிருந்து அப்கிரேட் செய்து வந்தவர்களுக்கு அந்த வரியே இல்லாமல் இருக்கலாம், அப்படியானால் நீங்களே சேர்க்க வேண்டியதுதான். சேவ் செய்துவிட்டு டெர்மினலில் சூடோ அப்டேட்-கிரப். ஓடும்போது "விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்தது" என்ற பொருளில் ஒரு வரி வந்தால் முடிந்தது.

வரவில்லையா? விண்டோஸ் லெகசி முறையிலும் உபுண்டு யூஇஎஃப்ஐ முறையிலும் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் "பயாஸ் மோட்" என்ற வரியில் தெரியும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் கிரப்பிலிருந்து விண்டோஸுக்குத் தாவ முடியாது, பயாஸில் மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். விண்டோஸை யூஇஎஃப்ஐக்கு மாற்றும் வழி இருக்கிறது, ஆனால் பேக்கப் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். மெனுவே தெரியாமல் நேராக உபுண்டு போனால், கம்பெனி லோகோ வந்ததும் எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். பதற்றத்தில் படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி "கிரப்" என்று மட்டும் போட்ட கறுப்புத் திரையில் விழுவீர்கள். அங்கே நார்மல் என்று தட்டி என்டர் கொடுங்கள், திரும்பி வரலாம்.

கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ"

மேலே சொன்ன வெறும் கிரப் வேறு, பக்கத்தில் ரெஸ்க்யூ என்று போட்டது வேறு. இது வந்தால், கிரப் எழுந்துவிட்டது, ஆனால் தன் மீதி கோப்புகள் இருந்த பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பிரிவை)க் காணோம் என்று அர்த்தம். "அந்தப் பார்ட்டிஷன் இல்லை" என்று மேலே ஒரு வரியும் இருக்கும். பத்துக்கு ஒன்பது தடவை, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயரில்லாமல் கிடக்கிறதே என்று யாரோ லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்திருப்பார்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது, அதற்கு டிரைவ் எழுத்தும் தராது, காலி இடம் மாதிரி தோன்றும்.

யூஇஎஃப்ஐ மெஷினாக இருந்தால் கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட் அடித்து, பூட் மெனு கீயைத் தட்டி, விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் எந்தச் சேதமும் இல்லாமல் வரும். லினக்ஸ் பார்ட்டிஷனை உண்மையிலேயே அழித்துவிட்டீர்கள், அதில் வேண்டிய கோப்பு இருந்தது என்றால், அந்த இடத்தில் புதிதாக எதையும் உருவாக்காதீர்கள், பார்மட் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அழிந்தது பார்ட்டிஷன் பட்டியலில் ஒரு வரிதான், உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கிறது. லைவ் பென் டிரைவில் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியைப் போட்டுத் தேடவிட்டால் பெரும்பாலும் பழைய எல்லையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

அழிக்கவில்லை, பார்ட்டிஷனை நகர்த்தியதால் மட்டும் இப்படி என்றால் பூட் ரிப்பேர் போதும்.

"செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று காட்டி அணைந்துவிடுகிறது

நன்றாகப் போய்க்கொண்டிருந்த லினக்ஸ், ஷிம், எஸ்பிஏடி என்று ஏதோ சொல்லி, "ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது" என்று ஒரு வரியையும் போட்டுவிட்டு மெஷினை அணைத்துவிடும். படிக்கிறபோதே வயிற்றைக் கலக்கும், ஆனால் விஷயம் சின்னது. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், ஓட்டை உள்ள பழைய லினக்ஸ் பூட் கோப்புகளைத் தடுக்கும் பட்டியலை மெஷினுக்குள் எழுதியது. இரண்டு சிஸ்டம் உள்ள மெஷின்களுக்கு அது போகாது என்றுதான் சொல்லியிருந்தார்கள், ஆனால் பலருக்குப் போய்விட்டது. 2025 மே மாத அப்டேட்டில்தான் சரி செய்தார்கள்.

இப்போதும் இது வரக்கூடும், முக்கியமாக எப்போதோ செய்து வைத்த பழைய பென் டிரைவில் பூட் செய்தால். அதற்கு மருந்து புது ஐஎஸ்ஓ (லினக்ஸ் தளத்திலிருந்து இறக்கும் இன்ஸ்டால் கோப்பு), வேறொன்றும் இல்லை. டிஸ்க்கில் இருக்கும் சிஸ்டத்துக்கே வந்தால், பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் காவல்) தற்காலிகமாக அணையுங்கள், லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டையும் போடுங்கள், அப்புறம் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்து பாருங்கள். அப்போதும் அடம் பிடித்தால் மறுபடி அணைத்துவிட்டு, சூடோ மோக்யூட்டில் என்று போட்டு, இரட்டைக் கோடு வைத்து செட்-எஸ்பிஏடி-பாலிசி என்ற தெரிவுக்கு டெலீட் என்று கொடுங்கள். ஒரு தடவை லினக்ஸுக்கே ரீஸ்டார்ட் ஆகி வந்த பிறகு செக்யூர் பூட்டை ஆன் செய்யலாம். செக்யூர் பூட்டை நிரந்தரமாக அணைத்தே வைத்துவிடலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், லினக்ஸ் ஓடும். ஆனால் விண்டோஸ் பக்கம் சில ஆன்லைன் கேம்கள் அதைக் கேட்கின்றன, பிட்லாக்கரும் முறைத்துக்கொள்ளும்.

நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது

இந்த ஒரு கோளாறில் மட்டும் டேட்டா உண்மையிலேயே கையைவிட்டுப் போக வாய்ப்பு உண்டு, அதனால் நிதானமாகப் படியுங்கள். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்த பல லேப்டாப்களில், உங்களைக் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். 24ஹெச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. ஹோம் எடிஷனில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இருக்கும், ப்ரோவில் பிட்லாக்கர். வழக்கமான நாளில் மெஷினுக்குள் இருக்கும் டிபிஎம் சிப் தானே பூட்டைத் திறந்துவிடுவதால் அது இருப்பதே தெரியாது. செக்யூர் பூட்டை அணைத்தாலோ, கிரப் வழியாக விண்டோஸைத் தொடங்கினாலோ, பூட் ஆகும் பாதை மாறியிருக்கிறதே என்று சிப் சந்தேகப்பட்டுச் சாவியைக் கேட்கும்.

சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். மொபைலில் அந்தக் கணக்கில் லாகின் செய்து, சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவிகள் என்பதைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்தோடு ஒத்துப் பாருங்கள். லேப்டாப் வாங்கிய கடையில் வேறு யாருடைய மெயிலிலாவது செட்டப் செய்து கொடுத்திருந்தால் சாவி அந்தக் கணக்கில் இருக்கும், தம்பி, அக்கா என்று வீட்டில் எல்லோருடைய கணக்கையும் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம். எங்கும் இல்லை என்றால் அதை உடைக்க வழி கிடையாது, உடைத்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒரு வழி மட்டும் பாக்கி: பயாஸில் நீங்கள் எதை மாற்றினீர்களோ அதை அச்சு அசலாகப் பழையபடி வைத்து, கிரப்பைத் தொடாமல் விண்டோஸ் பூட் மேனேஜர் வழியாகப் போய்ப் பாருங்கள், பல நேரம் சாவி கேட்காமலேயே திறந்துவிடும்.

உள்ளே போனதும் முதல் வேலை, சாவியை ஒரு தாளில் எழுதுவது. ஒவ்வொரு தடவையும் கேட்கிறது என்றால் விண்டோஸுக்கு கிரப் வழியாகப் போவதை விட்டுவிட்டு, பூட் மெனு கீ வழியாகப் போகும் பழக்கத்துக்கு வாருங்கள்.

டி டிரைவ் உபுண்டுவில் திறக்கவில்லை, திறந்தாலும் எதையும் சேவ் செய்ய முடியவில்லை

காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. அடுத்த தடவை சீக்கிரம் எழ அது உதவும். ஆனால் டிஸ்க் அதன் கணக்கில் இன்னும் திறந்தே இருக்கிறது. லினக்ஸ் அதைப் பார்த்துவிட்டு, கை வைத்தால் கெட்டுப்போகும் என்று படிக்க மட்டும் விடுகிறது, அல்லது மவுன்ட் செய்யவே மறுக்கிறது. லினக்ஸ் சரியாகத்தான் நடந்துகொள்கிறது, திட்ட வேண்டியது அதை இல்லை.

விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் இடப்பக்கம் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பு, உள்ளே மேலே "இப்போது மாற்ற முடியாத செட்டிங்குகளை மாற்று" என்பதைச் சொடுக்கினால்தான் கீழே சாம்பல் நிறத்தில் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுக்க முடியும். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒரு தடவை எட்டிப் பாருங்கள், திரும்ப டிக் ஆகியிருக்கலாம். அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி: ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்குப் போங்கள். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் இந்த வேலையைச் செய்வதில்லை, முழுசாகவே அணைகிறது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைத்த பிறகும் டிரைவ் திறக்கவில்லை என்றால், விண்டோஸுக்குள் போய் அந்த டிரைவுக்கு செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் பரிசோதனைக் கருவி) ஓட்டுங்கள். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கட்டளை இருக்கிறதே என்று சிலர் முதலில் அதற்குத்தான் போவார்கள். அது அடிப்படையான சிலதைச் சரி செய்துவிட்டு மீதியை விண்டோஸிடம் விடுமே தவிர, செக்டிஸ்க் செய்யும் முழுப் பரிசோதனையைச் செய்யாது. டிரைவில் கோப்புகளை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறை விண்டோஸின் சொத்து, பழுதை விண்டோஸே பார்க்கட்டும்.

கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பு

உபுண்டுவை ஓட்டிவிட்டு விண்டோஸுக்கு வந்தால் காலை 10 மணி என்பது அதிகாலை 4:30 என்று காட்டும். சிமாஸ் பேட்டரி (போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி) போய்விட்டது என்று மாற்றிவிடாதீர்கள். பேட்டரி போனால் நேரம் தாறுமாறாகப் போகும், இப்படி ஐந்தரை என்று கணக்காகப் பிசகாது. போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக வைத்துக்கொள்கிறது. இந்தியாவும் இலங்கையும் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் அந்த வித்தியாசம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு எட்டு மணி நேரம் பிசகும்.

இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் போதும். சுலபமான வழி லினக்ஸ் பக்கம்: டைம்டேட்சிடிஎல், அப்புறம் செட்-லோக்கல்-ஆர்டிசி, அப்புறம் 1. ஓட்டினால் இதைச் செய்யாதே என்று லினக்ஸே ஒரு எச்சரிக்கை காட்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளிலும் இதைத் திட்டியிருப்பார்கள். அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் கோடையில் ஒரு மணி நேரம் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் ஊர்களை நினைத்து. நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை, அதனால் தைரியமாகச் செய்யலாம். லண்டன், டொரன்டோவில் இருப்பவர்கள் மட்டும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் டைம் சோன் இன்ஃபர்மேஷன் பகுதியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற டிவேர்டை உருவாக்கி 1 என்று வைப்பது நல்லது. இரண்டையும் செய்துவிடாதீர்கள், அப்புறம் எதிர்ப்பக்கம் பிசகும்.

உபுண்டு பூட் ஆகும்போதே திரை கறுத்துவிடுகிறது

என்விடியா கார்டு உள்ள மெஷின்தானே? கிரப் மெனுவில் உபுண்டு மேல் நின்று ஆங்கில ஈ கீயைத் தட்டுங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசியில், கொயட் ஸ்ப்ளாஷ் என்பதற்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். உள்ளே போய் அடிஷனல் டிரைவர்ஸ் என்பதில் பரிந்துரைக்கப்பட்ட டிரைவரைப் போடுங்கள்.

போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது கீயைத் தட்டு என்று பத்து நொடி எண்ணும். இதை விண்டோஸ் பிழை என்று நினைத்துப் பலரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நொடிகள் முடிந்து பூட் ஆகிவிடும், டிரைவர் வேலை செய்யாது. அங்கே கீயைத் தட்டி, என்ரோல் மோக், கன்டின்யூ, யெஸ் என்று போய் நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டிருந்தால் சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி என்று போட்டு, இரட்டைக் கோடு வைத்து என்ரோல்-கீ என்று கொடுங்கள், அடுத்த ரீஸ்டார்ட்டில் அந்தத் திரை திரும்ப வரும்.

வைஃபையும் ப்ளூடூத்தும்

விண்டோஸில் ஓடும் வைஃபை உபுண்டுவில் இல்லை என்றால் முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள், கார்டை விண்டோஸ் பாதித் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்போதும் இல்லை என்றால் டிரைவர் விஷயம். டிரைவர் இறக்க நெட் வேண்டுமே, நெட்டுக்கு வைஃபை வேண்டுமே என்று மாட்டிக்கொள்ள வேண்டாம், மொபைலை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் ஆன் செய்தால் உபுண்டு உடனே எடுத்துக்கொள்ளும்.

ப்ளூடூத் ஹெட்செட் ஒவ்வொரு தடவை சிஸ்டம் மாற்றும்போதும் இணைய மறுக்கிறதா? லேப்டாப்பின் ப்ளூடூத் முகவரி ஒன்றுதான், அதற்கு ஹெட்செட் ஒரு சாவியைத்தான் நினைவில் வைக்கும். உபுண்டுவில் புதிதாக இணைத்தால் விண்டோஸின் சாவி செல்லாக்காசு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலிருந்து சாவியை எடுத்து லினக்ஸில் எழுதலாம், செய்திருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, வயர் ஹெட்செட்.

மென்பொருள் பக்கம் வரும் கோளாறுகள்

விண்டோஸ் பார்ட்டிஷனில் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருக்கும் மென்பொருளின் எக்ஸ்இ கோப்பை உபுண்டுவில் சொடுக்கினால் ஓடாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் என்ற கருவியைப் போட்டிருந்தாலும் பெரும்பாலும் ஓடாது, ஏனென்றால் அந்த மென்பொருளின் ரெஜிஸ்ட்ரி பதிவுகள் விண்டோஸில் இருக்கின்றன, ஒயினுக்குத் தனி ரெஜிஸ்ட்ரி. ஒயினுக்குள் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். அக்கவுன்ட்ஸ் மென்பொருள், லைசன்ஸ் டாங்கிள் கேட்பவை இவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள், விண்டோஸுக்குப் போய் ஓட்டுங்கள், அதற்குத்தானே அதை வைத்திருக்கிறீர்கள்.

ஸ்டீம் கேம்களை டி டிரைவில் வைத்து இரண்டு பக்கமும் ஓட்டலாம் என்று நினைத்தால், உபுண்டுவில் ப்ளே அமுக்கியதும் ஒரு நொடி ஓடி நின்றுவிடும். விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் வைத்திருக்கும் ப்ரோட்டான், ஒவ்வொரு கேமுக்கும் காம்பாட்டேட்டா என்ற ஃபோல்டரில் ஒரு போலி சி டிரைவை உருவாக்குகிறது, அதில் முக்காற்புள்ளி உள்ள பெயர்கள் வருகின்றன. விண்டோஸ் அந்த மாதிரிப் பெயரை ஏற்காது, செக்டிஸ்க் ஓடும்போது அதைப் பிழை என்று தூக்கிவிடும். காம்பாட்டேட்டா ஃபோல்டரை மட்டும் லினக்ஸ் பார்ட்டிஷனில் வைத்து, டி டிரைவிலிருந்து அதற்கு ஒரு சிம்லிங்க் (வேறிடத்தில் இருக்கும் ஃபோல்டரைக் காட்டும் இணைப்பு) கொடுத்தால் ஓடும். ஆனாலும் என் யோசனை, லினக்ஸில் விளையாடுவதை லினக்ஸ் டிஸ்க்கிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ் வேர்ட் கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது என்றால் கோப்பு கெடவில்லை. அது பாமினி மாதிரி ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு உபுண்டுவில் இல்லை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஒரு கோப்பை எடுத்து, உபுண்டுவில் சொடுக்கி இன்ஸ்டால் கொடுத்துவிட்டு, லிப்ரே ஆபீஸை மூடித் திறங்கள். நாள்பட வைத்திருக்க வேண்டிய ஆவணம் என்றால் ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது நல்லது. தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜைப் போட வேண்டும். போட்ட கையோடு செட்டிங்ஸில் தேடினால் பட்டியலில் இருக்காது, ஒரு தடவை லாக் அவுட் செய்து வாருங்கள், இருக்கும்.

போதும், லினக்ஸை எடுத்துவிடலாம் என்றால்

வரிசை முக்கியம். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வையுங்கள். மெஷினை அணைத்து ஆன் செய்து, கிரப் குறுக்கே வராமல் விண்டோஸ் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகுதான் டிஸ்க் மேனேஜ்மென்ட். அதில் டிரைவ் எழுத்து இல்லாத பார்ட்டிஷன்கள் மூன்று நான்கு இருக்கும், எல்லாமே லினக்ஸ் இல்லை. இஎஃப்ஐ என்று போட்ட சின்னதையும், ரெகவரி என்று போட்டதையும் தொடவே கூடாது. நீங்கள் லினக்ஸுக்கு எத்தனை ஜிபி ஒதுக்கினீர்களோ அந்த அளவில் இருப்பதை மட்டும் அழியுங்கள். காலியான இடம் சி டிரைவுக்கு நேர் வலப்பக்கம் ஒட்டி இருந்தால் எக்ஸ்டெண்ட் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம், நடுவே வேறு பார்ட்டிஷன் இருந்தால் அந்த ஆப்ஷன் சாம்பலாகவே இருக்கும், அப்போது அந்த இடத்தில் புது டிரைவ் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

பூட் மெனுவில் உபுண்டு என்ற பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம். உறுத்தினால் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் திறந்து, உபுண்டு என்ற ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். பக்கத்தில் மைக்ரோசாஃப்ட், பூட் என்று இன்னும் இரண்டு ஃபோல்டர் இருக்கும், அவற்றில் கை வைக்காதீர்கள்.